அத்தியாயம் 7: லோட் பேலன்சருக்கு முதலில் இடம்

சில வருடங்களுக்கு முன் ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாக ஆலைக்குச் சப்ளையர் போர்ட்டல் அமைத்துக் கொடுத்தேன். சரக்கு கிளம்பும் முன்பே சப்ளையர்கள் அதில் ஏஎஸ்என், அதாவது சரக்கு வருகைக்கான முன்னறிவிப்புச் சீட்டு, போட வேண்டும். லாரி கேட்டுக்கு வந்ததும் செக்யூரிட்டி அந்தச் சீட்டை ஸ்கேன் செய்வார், ஸ்டோர்ஸில் உடனே தெரிந்துவிடும். லோட் பேலன்சருக்கு /27 அளவில் இரண்டு சப்நெட் வெட்டினேன். ஒவ்வொன்றிலும் 27 முகவரி கிடைத்தது. பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறதே என்று சர்வர்களையும் அவற்றிலேயே குடிவைத்தேன். மாதங்கள் போகப் போக சர்வர்கள் கூடின. ஒரு நாள் காலை, முதல் ஷிஃப்ட் ஏறும் நேரம், கேட்டில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, ஸ்கேன் செய்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லா சர்வரையும் பார்த்தேன், ஒன்றிலும் வேலைப்பளு இல்லை. கூட்டம் கூடியதும் லோட் பேலன்சர் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ள முகவரி தேடியிருக்கிறது. சப்நெட்டுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை.

சிப்காட்டில் மனை எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து மனை வேறொருவருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு நம் ஷெட்டை அந்தப் பக்கம் நீட்ட முடியாது. அமேசான் மேகத்தில் சப்நெட்டும் அப்படித்தான். வெட்டியபின் அளவை மாற்ற வழியில்லை. வேறொன்று வெட்டிக் குடிமாற வேண்டும். அதனால் இந்த அத்தியாயத்தில் பாதி வேலை காகிதத்தில்தான் நடக்கும். கணினியைத் திறக்க அவசரப்படாதீர்கள்.

இங்கே சொல்லும் படிகள் அமேசான் வெப் சர்வீசஸின் மும்பை வட்டாரத்துக்கானவை. 2016 ஜூனில் திறந்த இந்த வட்டாரத்தில் மூன்று அவெய்லபிலிட்டி ஸோன்கள் உண்டு. 2022 நவம்பரில் ஹைதராபாத் வட்டாரமும் வந்தது. படிகள் அங்கும் இவையே. அஷூர், கூகுள் பயன்படுத்துபவர்களுக்கு வேறுபாடுகளைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

## கையில் இருக்க வேண்டியவை

- ஆலையில் ஓடும் எல்லா ஐபி வரிசைகளின் பட்டியல். அலுவலகம், சிசிடிவி, வைஃபை, பிஎல்சி பேனல்கள் எல்லாம் அதில் வர வேண்டும். ஐடியிடம் மட்டும் கேட்டால் போதாது. மெயின்டனன்ஸ் ஆட்களிடமும் கேளுங்கள். இயந்திரத்தோடு வந்த சுவிட்சுக்கு அவர்களே ஓர் எண் போட்டிருப்பார்கள்.
- தலைமை அலுவலகமோ வேறு யூனிட்டோ பயன்படுத்தும் வரிசைகள்.
- போர்ட்டலின் டொமைன் பெயர், அதன் டிஎன்எஸ்ஸை மாற்றும் உரிமை.
- கிளவுட் கணக்கில் உங்களுக்கென்று தனி யூசர். ரூட் கணக்கில் நுழைந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். ரூட்டுக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, அதைப் பூட்டி வையுங்கள்.

## தெரிந்திருக்க வேண்டிய கணக்கு

சாய்வுக்கோட்டுக்குப் பின் வரும் எண் ஒன்று கூடினால் இடம் பாதியாகும். /24 என்றால் 256 முகவரி, /26 என்றால் 64, /27 என்றால் 32, /28 என்றால் 16. அமேசான் ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கையும் கடைசி ஒன்றையும் தனக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே /26இல் உங்களுக்கு 59, /27இல் 27, /28இல் 11.

அப்ளிகேஷன் லோட் பேலன்சர், சுருக்கமாக ஏஎல்பி, கேட்பவை:

- குறைந்தது இரண்டு ஸோன்களில், ஸோனுக்கு ஒன்றாகச் சப்நெட்.
- ஒவ்வொன்றும் /27 அல்லது அதைவிடப் பெரியது.
- ஒவ்வொன்றிலும் குறைந்தது 8 முகவரி காலி.

இந்த மூன்றும் இருந்தால் ஏஎல்பி உருவாகிவிடும். நான் ஏமாந்தது இங்கேதான். உருவாக 8 போதும், வளர்வதற்குப் போதாது. போக்குவரத்து கூடினால் ஓர் ஏஎல்பி எல்லாச் சப்நெட்டிலுமாகச் சேர்த்து 100 முகவரி வரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு /27 போட்டால் 54தான் தேறும். இரண்டு /26 போட்டால் 118. அதனால் என் கட்டைவிரல் கணக்கு: லோட் பேலன்சருக்கு ஸோனுக்கு ஒரு /26, அதில் வேறு யாரும் குடியேறக் கூடாது. தனி முகவரி எண்களுக்குக் காசு கிடையாது, கஞ்சத்தனம் வேண்டாம்.

## முதல் வேலை: முகவரித் திட்டம்

1. ஆலைப் பட்டியலில் இல்லாத ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்குவதைத் தொடவே வேண்டாம். வீட்டு ரவுட்டர் முதல் ஆலையின் பிஎல்சி வரை பாதி உலகம் அங்கேதான் இருக்கிறது. 172.31 என்பது அமேசான் தானாகப் போட்டுத் தரும் டிஃபால்ட் விபிசியின், அதாவது மேகத்தில் நமக்கான தனி நெட்வொர்க்கின், வரிசை. 172.17 டாக்கருடையது. 10.0 எல்லோரும் எடுப்பது. 10இல் தொடங்கி, நடுவில் யாருக்கும் தோன்றாத எண்ணைப் போடுங்கள். நான் இங்கே 10.57 எடுக்கிறேன். சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் மாநில நெடுஞ்சாலையின் எண் 57, மறக்காது.

2. விபிசிக்கு 10.57.0.0/20 என்று குறியுங்கள். 4,096 முகவரி. ஒரு யூனிட்டுக்கு இது தாராளம். /16 எடுக்கலாம்தான், ஆனால் நாளை இரண்டாவது யூனிட்டுக்கும் இதேபோல ஒன்று வேண்டியிருக்கும், அதற்கு 10.57.16.0/20 காலியாக இருக்கட்டும்.

3. அதை இப்படிப் பிரியுங்கள்:

   - வெளி லோட் பேலன்சர், ஸோன் ஏ: 10.57.0.0/26
   - வெளி லோட் பேலன்சர், ஸோன் பி: 10.57.0.64/26
   - ஸோன் சி-க்காக ஒதுக்கீடு, இப்போது வெட்ட வேண்டாம்: 10.57.0.128/26
   - உள் லோட் பேலன்சர், ஸோன் ஏ: 10.57.1.0/26
   - உள் லோட் பேலன்சர், ஸோன் பி: 10.57.1.64/26
   - நாட் கேட்வே, ஸோன் ஏ, பி: 10.57.2.0/28, 10.57.2.16/28
   - அப்ளிகேஷன் சர்வர்கள்: 10.57.4.0/24, 10.57.5.0/24
   - டேட்டாபேஸ்: 10.57.8.0/26, 10.57.8.64/26
   - 10.57.12.0 முதல் 10.57.15.255 வரை: காலி

4. இந்தத் தாளில் தேதி போட்டு, ஆலைப் பட்டியலோடு இணைத்து, சர்வர் அறைச் சுவரில் ஒட்டுங்கள். எக்செல்லில் மட்டும் வைத்தால் அந்த ஃபைல் வேலையை விட்டுப் போகிறவரோடு போய்விடும்.

குறிப்பு. இடையிடையே ஏன் இவ்வளவு காலி என்று மேலாளர் கேட்பார். ஆலையில் எக்ஸ்பான்ஷனுக்கு விட்டிருக்கும் புல்தரையைக் காட்டுங்கள்.

## இரண்டாவது வேலை: விபிசியும் சப்நெட்டும்

1. கன்சோலில் வலது மேல் மூலையைப் பாருங்கள், வட்டாரம் மும்பைதானா? இதைப் பார்க்காமல் வர்ஜீனியாவில் பாதி வேலையை முடித்தவர்கள் உண்டு.

2. விபிசி பகுதியில் "கிரியேட் விபிசி". "விபிசி ஒன்லி" என்பதைத் தேர்ந்து 10.57.0.0/20 போடுங்கள். "விபிசி அண்ட் மோர்" என்ற வசதி எல்லாவற்றையும் தானே வெட்டித் தரும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அது நம் தாளைப் படித்ததில்லை.

3. சப்நெட்டுகளை ஒவ்வொன்றாக உருவாக்குங்கள். பெயரிலேயே வேலையும் ஸோனும் தெரியட்டும்: "வெளி-எல்பி-ஏ", "ஆப்-பி" என்பதுபோல. கன்சோலில் இதையே ஆங்கில எழுத்தில் போடுங்கள். "டெஸ்ட்", "நியூ", "ஃபைனல்2" என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள்.

4. இன்டர்நெட் கேட்வே ஒன்றை உருவாக்கி விபிசியோடு இணையுங்கள்.

5. "வெளி" என்ற பெயரில் ஒரு ரூட் டேபிள் உருவாக்குங்கள். அதில் 0.0.0.0/0 என்ற வழியை இன்டர்நெட் கேட்வேக்குத் திருப்புங்கள். வெளி எல்பி சப்நெட்டுகள் இரண்டையும், நாட் சப்நெட்டுகள் இரண்டையும் இதோடு இணையுங்கள்.

6. ஸோனுக்கு ஒரு நாட் கேட்வே, ஒவ்வொன்றுக்கும் ஓர் எலாஸ்டிக் ஐபி. "ஆப்-ஏ" என்ற ரூட் டேபிளில் 0.0.0.0/0 ஸோன் ஏ-யின் நாட் கேட்வேக்கும், "ஆப்-பி"-யில் ஸோன் பி-யினுடையதற்கும் போக வேண்டும்.

7. டேட்டாபேஸ் சப்நெட்டுகளுக்குத் தனி ரூட் டேபிள். வெளியே போகும் வழி எதுவும் அதில் வேண்டாம். உள் எல்பி சப்நெட்டுகளுக்கு இன்னொன்று. அதை உள் லோட் பேலன்சர் பகுதியில் பார்ப்போம்.

ஒரு சப்நெட் "பப்ளிக்" ஆவது பெயரால் அல்ல, அது இணைந்திருக்கும் ரூட் டேபிளால். வெளி லோட் பேலன்சரை இன்டர்நெட் கேட்வே வழியில்லாத சப்நெட்டில் வைத்துவிட்டால், அது உருவாகும், பச்சை நிறத்தில் "ஆக்டிவ்" என்று காட்டும், ஆனால் யாராலும் திறக்க முடியாது. ஐந்தாவது படியில் "இணையுங்கள்" என்று சொன்னதை மறந்தவர்களின் கதை இது. ரூட் டேபிளில் வழி எழுதிவிட்டு, சப்நெட்டை அதோடு சேர்க்க மறந்திருப்பார்கள்.

குறிப்பு. வெளி சப்நெட்டிலும் "ஆட்டோ அசைன் பப்ளிக் ஐபி"யை அணைத்தே வையுங்கள். லோட் பேலன்சருக்கு அது தேவையில்லை, தன் பொது முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். தவறுதலாக யாராவது அங்கே சர்வர் வைத்தாலும் அது நேராக ஊரைப் பார்த்து நிற்காது.

## மூன்றாவது வேலை: காவல்

செக்யூரிட்டி குரூப்புகளை லோட் பேலன்சருக்கு முன்பே உருவாக்கிவிடுங்கள். வரிசை முக்கியம், ஒன்று மற்றொன்றைச் சுட்டும்.

1. "எல்பி-காவல்": 443, 80 ஆகிய போர்ட்டுகள் எல்லோருக்கும் திறப்பு. 80 எதற்கென்றால், பழைய புக்மார்க்கோடு வருகிறவரை 443க்குத் திருப்பிவிட மட்டும்.
2. "ஆப்-காவல்": உங்கள் அப்ளிகேஷன் ஓடும் போர்ட், பெரும்பாலும் 8080. யாரிடமிருந்து என்ற இடத்தில் ஐபி வரிசை போடாதீர்கள். "எல்பி-காவல்" குரூப்பையே தேர்ந்தெடுங்கள். நாளை ஸோன் சி-யைச் சேர்த்தாலும் இதைத் தொட வேண்டியிருக்காது.
3. "டேட்டா-காவல்": டேட்டாபேஸ் போர்ட், "ஆப்-காவல்" குரூப்பிடமிருந்து மட்டும்.

சப்நெட் மட்டத்தில் நெட்வொர்க் ஏசிஎல் என்று இன்னொரு பூட்டு உண்டு. அது முதலில் எல்லாவற்றையும் அனுமதிக்கும் நிலையில் வரும். என் கருத்து: அப்படியே விடுங்கள். செக்யூரிட்டி குரூப் உள்ளே விட்டவருக்குப் பதில் வெளியே போவதைத் தானே அனுமதிக்கும். ஏசிஎல்லுக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது. ஆடிட்டர் கேட்டார் என்று அதை இறுக்கினால், 1024 முதல் 65535 வரையான போர்ட்டுகளில் பதில் திரும்பிவரும் வழியையும் எழுத வேண்டும். இதை மறந்து ஒரு ஞாயிறு முழுக்க இழந்தவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன்.

## நான்காவது வேலை: லோட் பேலன்சர்

1. சர்டிஃபிகேட் முதலில். மும்பை வட்டாரத்திலேயே சர்டிஃபிகேட் மேனேஜரில் உங்கள் டொமைனுக்கு விண்ணப்பித்து, டிஎன்எஸ் வழியாகச் சரிபாருங்கள். கட்டணம் இல்லை. வேறு வட்டாரத்தில் எடுத்தது இங்கே பட்டியலில் வராது.

2. டார்கெட் குரூப் உருவாக்குங்கள். போர்ட் 8080. ஹெல்த் செக் பாதையை இங்கேயே கொடுக்க வேண்டும். அது லாகின் பக்கமாக இருக்கக் கூடாது. லாகின் பக்கம் பெரும்பாலும் 302 என்று வேறிடம் திருப்பிவிடும். ஏஎல்பி எதிர்பார்ப்பதோ 200. நன்றாக ஓடும் சர்வரை "அன்ஹெல்தி" என்று எழுதிவிடும். "நலம்" என்று ஒரு வரி மட்டும் திருப்பித் தரும் தனிப் பக்கத்தைப் புரோகிராமரிடம் கேட்டு வாங்குங்கள்.

3. "கிரியேட் லோட் பேலன்சர்", "அப்ளிகேஷன்" வகை. "ஸ்கீம்" என்ற இடத்தில் "இன்டர்நெட் ஃபேசிங்". பிறகு இதை மாற்ற முடியாது. தவறினால் அழித்துவிட்டுத்தான் மறுபடி.

4. விபிசியைத் தேர்ந்ததும் ஸோன் பட்டியல் வரும். ஏ, பி இரண்டையும் டிக் செய்து, ஒவ்வொன்றிலும் "வெளி-எல்பி" சப்நெட்டைத் தேர்ந்தெடுங்கள். கீழ்விரி பட்டியலில் முதலில் நிற்பதை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அது டேட்டாபேஸ் சப்நெட்டாகவும் இருக்கலாம்.

5. செக்யூரிட்டி குரூப்பில் "எல்பி-காவல்" மட்டும். கூடவே வந்து நிற்கும் "டிஃபால்ட்" குரூப்பை எடுத்துவிடுங்கள்.

6. 443 லிசனரை டார்கெட் குரூப்புக்கும், 80 லிசனரை 443க்குத் திருப்பவும் அமையுங்கள்.

7. உருவானதும் "ஆட்ரிப்யூட்ஸ்" பக்கம் போய் இரண்டைச் செய்யுங்கள். டெலிஷன் புரொடெக்‌ஷனை இயக்குங்கள். அது தானாக வராது. ஆக்சஸ் லாக்கையும் இயக்குங்கள். அதுவும் தானாக வராது. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். பதிவே இல்லாமல் எதைத் தெரிவிப்பது? மும்பையிலேயே ஓர் எஸ்3 பக்கெட் வைத்து, அதைக் காலி செய்யும் விதியை 180 நாளுக்குக் குறையாமல் போடுங்கள்.

8. டிஎன்எஸ்ஸில் போர்ட்டல் பெயரை லோட் பேலன்சரின் நீளமான பெயருக்குச் சீநேம் ஆகக் காட்டுங்கள். எண்ணை எழுதாதீர்கள். ஏஎல்பியின் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். இன்று பிங் செய்து பார்த்த எண்ணைக் கேட்டில் இருக்கும் ஸ்கேனரில் பதித்தால், ஏதோ ஒரு மாதம், ஏதோ ஒரு இரவு ஷிஃப்டில் அது வேறு யாருடையதோ ஆகிவிடும்.

சர்வர்கள் எந்த ஸோனில் இருக்கின்றனவோ அந்த ஸோன் லோட் பேலன்சரிலும் இயங்க வேண்டும். "ஆப்-சி" சப்நெட்டில் புதிய சர்வர் வைத்துவிட்டு, லோட் பேலன்சரில் ஸோன் சி-யைச் சேர்க்காவிட்டால் அந்த சர்வர் "அன்யூஸ்ட்" என்றே நிற்கும். பில் மட்டும் வரும்.

## ஆலைக்குள்ளிருந்து வருபவர்களுக்கு: உள் லோட் பேலன்சர்

ஸ்டோர்ஸ் ஸ்கேனர்களும் லைன் அருகில் இருக்கும் திரைகளும் இணையத்தைச் சுற்றி வர வேண்டாம். சைட்-டு-சைட் விபிஎன் போட்டு, "இன்டர்னல்" ஸ்கீமில் இன்னொரு ஏஎல்பி வையுங்கள். படிகள் மேலே சொன்னவையே. மாறுவது:

1. சப்நெட் தேர்வில் "உள்-எல்பி" ஏ, பி.
2. இதற்கெனத் தனி செக்யூரிட்டி குரூப் உருவாக்கி, 443ஐ ஆலையின் ஐபி வரிசைக்கு மட்டும் திறங்கள்.
3. உள் எல்பி ரூட் டேபிளில் "ரூட் புரொபகேஷன்" இயக்குங்கள். ஆலை வரிசைக்குத் திரும்பும் வழி அதில் தென்படுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.
4. விபிஎன்னில் அமேசான் இரண்டு டனல் தரும். ஆலை ஃபயர்வாலில் இரண்டையும் அமையுங்கள். ஒன்று மேலே வந்ததும் "ஓடுகிறது" என்று எழுந்து போகாதீர்கள். அமேசான் பராமரிப்புக்காக ஒன்றை நிறுத்தும் நாளில்தான் மற்றொன்றின் அருமை தெரியும்.

மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். புரொபகேஷனை ஆப் சப்நெட்டின் டேபிளில் போட்டுவிட்டு உள் எல்பியின் டேபிளை விட்டுவிடுவார்கள். ஸ்கேனர் பேசுவது லோட் பேலன்சரோடு. ஆலைக்குத் திரும்பும் வழி தெரிய வேண்டியதும் அதற்குத்தான். சர்வருக்கு லோட் பேலன்சரின் முகவரிதான் தெரியும். ஸ்கேனரின் உண்மையான முகவரி வேண்டுமென்றால் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பில் பார்க்கலாம்.

ஆலை வரிசையும் விபிசி வரிசையும் ஒன்றாக இருந்தால் இந்தப் பகுதி முழுதும் வீண். அதனால்தான் மெயின்டனன்ஸ் ஆட்களிடமும் கேட்கச் சொன்னேன்.

## நிலையான ஐபி கேட்டால்

இரண்டு பக்கத்திலிருந்து கேட்பார்கள். இரண்டுக்கும் விடை வேறு வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது.

உள்ளே வருவதற்கு. பெரிய கார் கம்பெனியின் ஐடி துறை, "உங்கள் போர்ட்டலின் ஐபி கொடுங்கள், எங்கள் ஃபயர்வாலில் திறக்க வேண்டும்" என்று மெயில் போடும். ஏஎல்பிக்கு நிலையான ஐபி கிடையாது. முன்னால் ஒரு நெட்வொர்க் லோட் பேலன்சர் வைத்து, சப்நெட்டுக்கு ஓர் எலாஸ்டிக் ஐபி கொடுத்து, அதன் டார்கெட்டாக ஏஎல்பியையே காட்டுங்கள். 2021 முதல் இது முடியும். இங்கே ஓர் எச்சரிக்கை. நெட்வொர்க் லோட் பேலன்சரை உருவாக்கும்போதே செக்யூரிட்டி குரூப் சேர்த்துவிடுங்கள். குரூப் இல்லாமல் உருவாக்கியதற்குப் பிறகு சேர்க்க முடியாது.

வெளியே போவதற்கு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அந்த அமைப்போடு நேரடியாக ஏபிஐ வழியே இணைகிறவர்கள் தங்கள் சர்வரின் நிலையான இந்திய ஐபியைப் பதிவுசெய்ய வேண்டும். லோட் பேலன்சரின் ஐபியைப் பதிவுசெய்துவிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் மறுக்கிறது" என்று புலம்புவார்கள். சர்வர் தானாக வெளியே போகும்போது லோட் பேலன்சர் வழியாகப் போவதில்லை, நாட் கேட்வே வழியாகத்தான் போகிறது. பதிவுசெய்ய வேண்டியது நாட் கேட்வேயின் எலாஸ்டிக் ஐபி, இரண்டு ஸோனுக்கும் இரண்டு. ஒன்றை மட்டும் பதிந்தால் பாதி இன்வாய்ஸ் போகும், பாதி நிற்கும். இதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமான கோளாறு அபூர்வம்.

2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம். முப்பது நாள் மாதத்துக்கு 3.6 டாலர். உள் லோட் பேலன்சருக்கு இது வராது. ஸோன் சி-யை இப்போதே சேர்க்காததற்கு இதுவும் ஒரு சிறு காரணம்.

## கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

- பக்கம் திறக்கவே இல்லை, டைம் அவுட்: வெளி சப்நெட்டின் ரூட் டேபிள், பிறகு "எல்பி-காவல்".
- 504: பெரும்பாலும் லோட் பேலன்சருக்கும் சர்வருக்கும் நடுவில் காவல் தடுக்கிறது, "ஆப்-காவல்", அடுத்து ஏசிஎல். கனமான ரிப்போர்ட் 60 வினாடி தாண்டினாலும் இதே எண் வரும்.
- 503: டார்கெட் குரூப்பில் சர்வரே பதிவாகவில்லை, அல்லது எல்லாம் "அன்யூஸ்ட்".
- 502: சர்வர் பேசுகிறது, ஆனால் உளறுகிறது. புரோகிராமரைக் கூப்பிடுங்கள்.
- இரண்டு முறை திறக்கிறது, மூன்றாம் முறை தொங்குகிறது: ஒரு ஸோனின் சப்நெட் மட்டும் தவறான ரூட் டேபிளில் இருக்கிறது.
- "ஆக்டிவ் இம்பேர்ட்" என்று காட்டுகிறது: ஓடுகிறது, ஆனால் வளர முடியவில்லை. சப்நெட் பட்டியலில் "அவெய்லபிள் ஐபிவி4" நெடுவரிசையைப் பாருங்கள்.

கடைசி நிலையில் சிக்கியவர்கள் பதற வேண்டாம். லோட் பேலன்சரை அழிக்கத் தேவையில்லை. அதே ஸோனில் காலி வரிசையிலிருந்து புதிய /26 வெட்டி, ரூட் டேபிளோடு இணைத்து, லோட் பேலன்சரின் "எடிட் சப்நெட்ஸ்" பக்கத்தில் ஒரு ஸோனை முதலில் மாற்றுங்கள். அது நிலைத்து நிற்பதைப் பார்த்த பிறகு அடுத்ததை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே சொடுக்கில் மாற்றாதீர்கள். திறந்திருக்கும் தொடர்புகள் அறுபடும்.

## அஷூரிலும் கூகுளிலும்

அஷூரின் சென்னை வட்டாரமான "சவுத் இந்தியா" நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2015 முதல் இயங்குகிறது. ஆனால் இந்த நூல் எழுதும்போது அங்கே அவெய்லபிலிட்டி ஸோன் இல்லை. ஸோன் வேண்டுமென்றால் புனேயில் உள்ள "சென்ட்ரல் இந்தியா". ஊர்ப்பாசம் ஒருபுறம் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதி ஆலைகள் நின்றதைப் பார்த்தவன் என்ற முறையில், ஆலையும் சர்வரும் ஒரே மழையில் நனைய வேண்டாம் என்பேன். அஷூரின் அப்ளிகேஷன் கேட்வே இரண்டாம் பதிப்புக்குத் தனிச் சப்நெட் வேண்டும், வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது, /24 பரிந்துரை. அங்கே என்எஸ்ஜி போட்டால் 65200 முதல் 65535 வரையான போர்ட்டுகளை "கேட்வே மேனேஜர்" சேவைக்குத் திறந்துவிட வேண்டும்.

கூகுளில் வட்டார அப்ளிகேஷன் லோட் பேலன்சருக்கு "பிராக்ஸி ஒன்லி" சப்நெட் ஒன்று கட்டாயம். குறைந்தது /26, பரிந்துரை /23. சர்வர் ஃபயர்வாலில் அந்தச் சப்நெட்டையும், ஹெல்த் செக் வரும் 35.191.0.0/16, 130.211.0.0/22 ஆகிய இரண்டு வரிசைகளையும் திறக்க வேண்டும். சாதாரணச் சப்நெட்டைக் கூகுளில் பிற்பாடு பெரிதாக்கலாம். சிறிதாக்க முடியாது.

## மாற்றும் நாள்

பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாறும் வேலையை 6 மணி, 2 மணி, 10 மணி ஷிஃப்ட் மாற்றத்தை ஒட்டி வைக்காதீர்கள். மாதக் கடைசியில் டெஸ்பாட்ச் அனல் பறக்கும், அப்போதும் வேண்டாம். எனக்குப் பிடித்த நாள் ஆயுத பூஜை. இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுத்திருப்பார்கள், கேட்டில் லாரி இருக்காது. சர்வர் ரேக்கிலும் ஒரு பொட்டு இருக்கும். காற்றுத் துவாரத்தில் பூ சொருகியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை 60 வினாடிக்குக் குறையுங்கள்.
2. சப்ளையர்களில் இருவரிடம் சொல்லிவைத்து, புதிய போர்ட்டலில் சோதனை ஏஎஸ்என் போடச் சொல்லுங்கள். ஒருவர் ஆலை அருகில் இருப்பவர், இன்னொருவர் ஓசூரிலோ கோவையிலோ இருப்பவர்.
3. ஸோன் ஏ-யில் உள்ள சர்வர்களை டார்கெட் குரூப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள். பக்கம் திறக்க வேண்டும். திரும்பச் சேர்த்து, ஸோன் பி-யிலும் அதையே செய்யுங்கள்.
4. டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். பழைய லோட் பேலன்சரை ஒரு வாரம் உயிரோடு வையுங்கள்.
5. மறுநாள் முதல் ஷிஃப்டுக்கு நீங்களே கேட்டுக்குப் போய் நில்லுங்கள். கையில் ஃபோனில் டார்கெட் குரூப் பக்கம் திறந்திருக்கட்டும். முதல் பத்து லாரி ஸ்கேன் ஆகும்வரை டீ குடிக்கப் போக வேண்டாம்.
6. ஒரு வாரம் கழித்துப் பழைய லோட் பேலன்சரின் டெலிஷன் புரொடெக்‌ஷனை எடுத்து அழியுங்கள். அதன்பிறகே பழைய சப்நெட்டை அழிக்க முடியும். "நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் பயன்பாட்டில் உள்ளது" என்று மறுத்தால், இன்னும் ஏதோ ஒன்று அதில் குடியிருக்கிறது. இன்டர்ஃபேஸ் பட்டியலில் "இஎல்பி" என்று தொடங்கும் விளக்கத்தைத் தேடுங்கள். லோட் பேலன்சர் அழிந்தபின் அவை தாமாகவே விலகச் சற்று நேரம் பிடிக்கும். கையால் பிடுங்கப் பார்க்காதீர்கள்.
7. சுவரில் ஒட்டிய தாளில் பழைய வரிசையை அடித்துவிட்டு, பக்கத்தில் "காலி" என்றும் தேதியும் எழுதுங்கள்.